‘பால் காணாது’ என்று யாராவது சொன்னால்: கொழும்பில் முதல் பிள்ளை பெறும் தாய்மாருக்கு

என் மூத்த மகள் பிறந்து மூன்றாம் நாள் பின்னேரம். சிசேரியன் காயம் இழுத்துக்கொண்டிருந்தது, பிள்ளை விடாமல் அழுதாள். பக்கத்துக் கட்டில் அக்கா, “தலையை இறுக்கிப் பிடியுங்கோ” என்றார். பார்க்க வந்த மாமி, “உனக்குப் பால் காணாது பிள்ளை, மாப்பால் கரைச்சுக் குடுப்பம்” என்றார். வாட்டில் இருந்த தாதி மிஸ் நடந்தபடியே “கிரி தென்ன, கிரி தென்ன” (பால் கொடுங்கள்) என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். பிள்ளை எப்படிக் குடிக்கிறாள் என்று ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தவர் ஒருவருமில்லை.

ஏழாம் நாள் வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டுக்கு மிட்வைஃப் வந்தார். பையை வைத்தார், கை கழுவினார், கதிரையை இழுத்துப் போட்டு என் முன்னால் உட்கார்ந்தார். “பால் குடுங்க அம்மா, நான் பாக்கிறேன்” என்றார். பார்த்தார். அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

இரண்டாவது பிள்ளையும் வந்து, உறவிலும் அயலிலும் பல பேருக்குத் துணையாகப் போய் இருந்த பிறகு எனக்கு உறுதியாகத் தெரிவது இதுதான்: பால் கொடுக்கத் தொடங்கும் தாய்க்கு முதலில் வேண்டியது, ஒரு பாலூட்டலைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பார்க்கும் ஒரு சோடிக் கண். அந்த உதவி கொழும்பில் இருக்கிறது, பெரும்பாலும் இலவசமாகவே இருக்கிறது. எங்கே, எப்போது, எப்படிக் கேட்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிள்ளை பிறக்க முன்னமே

முதல் வேலை, உங்கள் பகுதி மிட்வைஃபைத் தெரிந்துகொள்வது. பொதுச் சுகாதார மருத்துவமாது, குடும்பநல உத்தியோகத்தர் என்று கடிதங்களில் எழுதுவார்கள். வாயில் எல்லோருக்கும் ‘மிட்வைஃப் மிஸ்’தான். நீங்கள் தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினாலும் மிட்வைஃபிடம் பதிவதை விட்டுவிடாதீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வந்து வாடகைக்கு இருப்பவர்கள் பலர், ‘எங்கட விலாசம் ஊரில்தானே’ என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். அடையாள அட்டையில் என்ன விலாசம் இருந்தாலும், இப்போது எங்கே குடியிருக்கிறீர்களோ அந்தப் பகுதி எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைக்குப் போங்கள். கொழும்பு மாநகர எல்லைக்குள் மாநகர சபையின் தாய் சேய் கிளினிக்குகள் இருக்கின்றன. வெள்ளவத்தையைத் தாண்டினால் தெஹிவளை, அங்கே பணிமனை வேறு.

கிளினிக் கொப்பியின் முன் மட்டையில் மிட்வைஃபின் தொலைபேசி எண்ணை எழுதி வாங்குங்கள். பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றே அறிவியுங்கள். முதல் 10 நாளுக்குள் வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பது அவர் கடமை. அதற்குப் பிறகும் வருவார். அம்மா வீட்டில் போய் இருக்கப்போகிறீர்கள் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், இல்லையென்றால் அவர் பூட்டிய கதவைத் தட்டிவிட்டுப் போவார். ஃபிளாட்டில் இருப்பவர்கள் கீழே செக்யூரிட்டியிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். எங்கள் கட்டடத்தில் ஒரு மிட்வைஃபைக் கேற்றில் மறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மேலே தாய் காத்துக்கொண்டிருந்தது கீழே யாருக்கும் தெரியாது.

இரண்டாவது, பிரசவம் பார்க்கப்போகும் ஆஸ்பத்திரியில் ஒரு கேள்வி கேளுங்கள்: “பால் கொடுக்கச் சொல்லித்தர இங்கே தனியாக ஆள் உண்டா?” பெரிய அரச ஆஸ்பத்திரிகளில் பாலூட்டல் முகாமைத்துவ நிலையம் என்று ஒரு பகுதி இருக்கிறது. கொழும்பு 8இல் உள்ள டி சொய்சா மகளிர் வைத்தியசாலையிலும் காசல் வீதி மகளிர் வைத்தியசாலையிலும் உண்டு. இதற்கென்றே பயிற்சி பெற்ற மிஸ்மார் அங்கே இருப்பார்கள். டி சொய்சா 1879இல் தொடங்கிய இடம். கொழும்பில் நம் பாட்டிமார் பலர் பிறந்ததே அங்கேதான். ஆனால் வாட்டு நிறைந்திருக்கும் நாளில் அந்த நிலையத்துக்கு உங்களை யாரும் தேடி வந்து அழைத்துப் போவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். நீங்கள் கேட்க வேண்டும், உங்களால் முடியாவிட்டால் உடன் வருபவர் கேட்க வேண்டும். வீட்டுக்குப் போன பிறகு சிக்கல் வந்து திரும்பிப் போகும் தாய்மாரும் இருக்கிறார்கள், அதில் தயங்க ஒன்றுமில்லை.

முதல் மணியும் முதல் மூன்று நாளும்

பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை நெஞ்சில் போட்டு, தோலோடு தோல் படவிட்டு, முதல் பாலைக் கொடுக்க வேண்டும். முதுகில் ஊசி போட்டுச் செய்த சிசேரியனிலும் தாய் விழிப்பாக இருப்பதால் பெரும்பாலும் இது முடியும். முன்கூட்டியே டொக்டரிடம் சொல்லி வைத்தால் நடக்க வாய்ப்பு அதிகம்.

முதலில் வருவது கடும்புப் பால். மஞ்சளாக, பிசுபிசு என்று, கரண்டி அளவுதான் வரும். “இது பாலே இல்லை” என்று யாராவது சொல்வார்கள். முதல் நாளில் பிள்ளைக்கு ஒரு வேளைக்குப் போவது 5, 7 மில்லிலீட்டர்தான், ஒரு தேக்கரண்டிக்கு அவ்வளவு. நோய் எதிர்ப்புச் சக்தி நிறைந்த பால் அது. பால் நிறைந்து மார்பு கனக்கத் தொடங்குவது இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள். பலருக்கு மூன்றாம் நாள். சிசேரியனானால் கொஞ்சம் பிந்தலாம். நடுவில் சீனித் தண்ணியோ தேனோ வேண்டாம். தேன் 1 வயதுவரை கொடுக்கவே கூடாத ஒன்று.

24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை குடிப்பது வழமை. மணிக்கூட்டைப் பார்க்காமல் பிள்ளையைப் பாருங்கள்: தலையைத் திருப்பித் தேடுவது, கையை வாயில் வைப்பது, நாக்கை நீட்டுவது. இதெல்லாம் பசி. அழுகை பசியின் கடைசி அறிகுறி. அழுது களைத்த பிள்ளையை மார்பில் பிடிக்கவைப்பது இரண்டு மடங்கு கஷ்டம்.

பிடிக்கவைப்பது

இதைத்தான் அந்த மிட்வைஃப் எனக்குக் காட்டினார். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன், ஏனென்றால் படத்தில் பார்த்து எனக்கு விளங்காதது அந்தப் பத்து நிமிடத்தில் விளங்கியது.

நான் கட்டில் ஓரத்தில் கூனியிருந்து மார்பைப் பிள்ளையின் வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். அவர் முதலில் என் முதுகுக்கு ஒரு தலையணை வைத்தார். காலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாங்கு. மடியில் இன்னொரு தலையணை. “நீங்க வளைய வேணாம், பேபிதான் வரணும்” என்றார். பிள்ளையை என் பக்கம் முழுவதுமாகத் திருப்பினார்; அதுவரை அவள் முகம் என்னைப் பார்த்தும் வயிறு கூரையைப் பார்த்தும் கிடந்திருக்கிறது. கழுத்தைத் திருப்பிக்கொண்டு யாரால் விழுங்க முடியும்? காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில். வயிறு என் வயிற்றோடு. தலையைப் பின்னாலிருந்து அழுத்திய என் கையை எடுத்து, தோளுக்கும் கழுத்துக்கும் கீழே வைத்தார். தலையை அழுத்தினால் பிள்ளை பின்னுக்குத் தள்ளும் என்றார். ‘இறுக்கிப் பிடி’ என்ற அறிவுரையால் நான் நான்கு நாளாகச் செய்தது அதைத்தான்.

காம்பு பிள்ளையின் மூக்குக்கு நேரே இருக்கும்படி பிடித்து, மேலுதட்டில் மெல்லத் தடவச் சொன்னார். பிள்ளை வாயைக் கொஞ்சம் திறந்தாள், நான் அவசரப்பட்டேன், அவர் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். “இருங்க… இன்னும் பெரிசா… இப்ப.” கொட்டாவி விடும்போது திறக்குமே, அவ்வளவு அகலம். அந்த நொடியில் பிள்ளையின் நாடி முதலில் மார்பில் படும்படி இழுத்து அணைக்க வேண்டும்.

நாடி மார்பில் புதைந்திருக்கிறதா, வாய் அகலத் திறந்திருக்கிறதா, கீழுதடு வெளிப்பக்கம் மலர்ந்திருக்கிறதா, காம்பைச் சுற்றிய கருவளையம் மேலுதட்டுக்கு மேலே கூடவும் கீழே குறையவும் தெரிகிறதா என்று பாருங்கள். நான்குக்கும் ஆம் என்றால் சரி. காம்பை மட்டும் பிடித்திருந்தால் வலி உயிர் போகும், பாலும் வராது. சின்னி விரலைப் பிள்ளையின் கடைவாயில் விட்டு உறிஞ்சலை விடுவித்து மறுபடி தொடங்குங்கள். ஒரு வேளைக்கு ஐந்து தடவை எடுத்து வைத்தாலும் பரவாயில்லை.

சரியாகப் பிடித்த பிறகு முதலில் வேகமாகச் சப்பும். ஒரு நிமிடம் போலக் கழிந்ததும் வேகம் குறையும், கன்னம் உப்பும், ‘க்’ என்று விழுங்கும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான். மாமியும் அறை வாசலில் நின்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் மாப்பால் கதை எடுக்கவில்லை.

சிசேரியன் காயம் உள்ளவர்கள் பிள்ளையைக் கக்கத்துக்குள் வைத்து, கால்கள் முதுகுப் பக்கம் போகும்படி பிடிக்கலாம். காயத்தில் பாரம் விழாது. இரவில் பக்கவாட்டில் படுத்துக் கொடுக்கலாம், ஆனால் முதல் இரண்டு தடவையாவது யாரேனும் அருகில் இருந்து பார்க்கட்டும்.

கேட்கத் தெரிய வேண்டிய நாலு சிங்கள வசனம்

வாட்டில் எல்லா மிஸ்மாருக்கும் தமிழ் தெரியும் என்று இல்லை. மொழி வராது என்பதற்காக வலியை விழுங்கிக்கொண்டு படுத்திருந்த தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தங்கை, இந்த வசனங்களை ஒரு துண்டில் எழுதித் தலையணைக்குக் கீழே வைத்திருந்தாள். “பபா கிரி பொன்னே நே” என்றால் பிள்ளை பால் குடிக்கவில்லை. “ரிதெனவா” என்றால் வலிக்கிறது. “ஹரியட்ட அல்லகன்னே நே”, சரியாகப் பிடிக்கிறதில்லை. முக்கியமானது இது: “மிஸ், கிரி தென விதிய பென்னன்ன புளுவன்த?” மிஸ், பால் கொடுக்கும் விதத்தைக் காட்ட முடியுமா? ‘காட்டுங்கள்’ என்று கேட்டால் பெரும்பாலும் நின்று காட்டுவார்கள்.

பால் காணுமா காணாதா

மார்பு மெதுவாகிவிட்டது, பிள்ளை அடிக்கடி கேட்கிறது, பின்னேரத்தில் அழுகிறது, பிழிந்தால் கொஞ்சம்தான் வருகிறது: இந்த நாலும் பால் குறைவுக்கு அடையாளமல்ல. சில வாரத்தில் மார்பு மெதுவாவது, சுரப்பு பிள்ளையின் தேவைக்கு ஒத்துப்போய்விட்டதால். மூன்றாம் வாரம், ஆறாம் வாரம் போலப் பிள்ளை இரண்டு மூன்று நாள் ஓயாமல் குடிக்கும். குடிக்கக் குடிக்கத்தான் சுரப்புக் கூடும். சரியாக அந்த நாள்களில் மாப்பால் டின்னைத் திறந்தால், உடலுக்குப் போக வேண்டிய சேதி போகாது.

நம்ப வேண்டியது நப்பியை. ஐந்தாம், ஆறாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் 6 தடவைக்குக் குறையாமல் சலம் போக வேண்டும். மலம் முதலில் கறுப்பு, பிறகு பச்சை, ஐந்தாம் நாள் அளவில் மஞ்சள். பம்பர்ஸ் கட்டினால் நனைந்தது தெரிவது கஷ்டம், ஆகவே முதல் வாரம் பகலிலாவது துணி நப்பி நல்லது. ஒரு தாளில் கோடு போட்டுக் கணக்கு வையுங்கள். மாமி கேட்டால் தாளைக் காட்டலாம்.

அடுத்தது எடை. பிறந்த எடையில் 10 சதவீதம்வரை முதல் நாள்களில் குறையலாம், இரண்டு வாரத்துக்குள் திரும்ப வர வேண்டும். அப்புறம் மாதம் அரைக் கிலோவுக்குக் குறையாமல் ஏற வேண்டும். கிளினிக்கில் நிறுத்துக் கொப்பியின் வரைபடத்தில் குறிப்பார்கள். அயல்வீட்டுப் பிள்ளையின் கன்னத்தோடு ஒப்பிடாமல் அந்தக் கோட்டைப் பாருங்கள்.

பிள்ளை எழுப்பியும் எழும்பாமல் சோர்ந்து கிடந்தால், சலம் குறைந்தால், காய்ச்சல் வந்தால், மஞ்சள் நிறம் காலுக்கும் பாதத்துக்கும் இறங்கினால் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே ஆஸ்பத்திரி. பொரளையில் லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது; அம்புலன்ஸ் தேவையென்றால் 1990.

வெடிப்பு, கட்டு, காய்ச்சல்

காம்பு வெடித்தால் களிம்பு தேடுமுன் பிடியைத் திருத்துங்கள். குடித்து முடிந்ததும் ஒரு சொட்டுப் பாலைத் தடவிக் காயவிடலாம். பால் கட்டினால், கொடுப்பதற்குச் சற்று முன் இளஞ்சூட்டுத் துணி. கொடுத்த பிறகு குளிர்ந்த துணி. கல் மாதிரி இறுகி பிள்ளையால் பிடிக்க முடியாவிட்டால் கையால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள்: பெருவிரல் மேலே, சுட்டுவிரல் கீழே, கருவளையத்தின் ஓரத்தில் வைத்து நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமத்தி விட வேண்டும். காம்பை இழுக்கக் கூடாது. ஒரு பக்கம் சிவந்து, வலித்து, குளிரும் காய்ச்சலும் வந்தால் டொக்டரைப் பாருங்கள். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. நிறுத்தினால் கட்டு கூடும்.

வீட்டுக்குள்

அம்மாவும் மாமியும் சமைத்துத் தரும் சரக்குக் கறி, உள்ளி, முருங்கையிலை, பால்சுறாப் புட்டு எல்லாவற்றையும் சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். பிள்ளை பெற்றவளுக்கு ஒருவர் சூடாகச் சமைத்துத் தருவதே பெரிய உதவி. ஆனால் பாலைச் சுரக்கவைப்பது பிள்ளை குடிப்பதுதான். ‘தண்ணி கூடக் குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும்’ என்று தாகத்தோடு இருக்கவைப்பது மட்டும் வேண்டாம், கொழும்பு வெக்கைக்கு அது நியாயமில்லை.

6 மாதம்வரை பிள்ளைக்கு வாய்வழியே டொக்டர் எழுதித் தந்த மருந்தும் தாய்ப்பாலும் தவிர வேறொன்றும் இல்லை. கொத்தமல்லித் தண்ணி, கிரைப் வோட்டர், சுடுதண்ணி எதுவும் வேண்டாம். இதைப் பெரியவர்களோடு வாதாடி வெல்ல நினைக்காதீர்கள். மிட்வைஃப் வரும் நேரத்தில் அம்மாவையோ மாமியையோ பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நான் சொன்னபோது ஏறாதது, அவர் சொன்னபோது எங்கள் வீட்டில் ஏறியது. கணவருக்கும் வேலை இருக்கிறது: ஏவறை எடுக்க, நப்பி மாற்ற, பார்க்க வருபவர்களை முன்னறையோடு நிறுத்த.

மாப்பால் கொடுக்க வேண்டி வந்தால்

சில பிள்ளைகளுக்கு அது தேவைப்படும். இரத்தத்தில் சீனி அளவு குறைந்த பிள்ளை, எடை ஏறாத பிள்ளை, தாய்க்குக் கடும் நோய். டொக்டர் பார்த்துச் சொன்னால் கொடுங்கள், அதில் உங்கள் குற்றம் எதுவுமில்லை. எவ்வளவு, எத்தனை நாளைக்கு, எப்போது குறைப்பது என்று மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சூப்பிப் போத்தலை விடச் சிறிய கோப்பை நல்லது. கழுவுவதும் சுலபம், பிள்ளை மார்பை மறக்கவும் மாட்டாது. மாப்பால் விளம்பரத்தையும் இலவச மாதிரிகளையும் கட்டுப்படுத்தும் விதிக்கோவை இலங்கையில் 1983இலிருந்தே இருக்கிறது, 2002இல் திருத்தினார்கள். ஆகவே யாராவது ஒரு டின்னை இலவசமாக நீட்டினால் ஏன் என்று கேட்கலாம்.

உங்களைப் பற்றி

2016இல் எடுத்த குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் 6 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் 82 சதவீதம் பேர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். நல்ல கணக்கு. ஆனால் எல்லோருக்கும் முடிகிறது, எனக்கு மட்டும் முடியவில்லை என்ற எண்ணத்தையும் அதுவே தரும். மூன்றாம் நாள் நானும் அப்படித்தான் போர்வைக்குள் அழுதேன். முதல் வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வருவது சாதாரணம். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால், பிள்ளையைப் பார்க்கவே மனம் வராவிட்டால், உங்களுக்கோ பிள்ளைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் வந்தால், மிட்வைஃபிடமோ டொக்டரிடமோ அப்படியே சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கும் அழைக்கலாம்.

வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கு

கடை, அலுவலகச் சட்டத்தின் கீழ் 84 நாள் பிரசவ விடுமுறை, வார விடுமுறையும் போயாவும் அதில் சேராது. 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்ற வித்தியாசமும் இல்லை. கணக்குப் பார்த்தால் நான்கு மாதம் அளவில் வரும். தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டியதோ 6 மாதம். நடுவில் உள்ள அந்த இரண்டு மாதத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பிள்ளைக்கு 1 வயது ஆகும்வரை, 9 மணி நேர வேலைக்குள் பாலூட்ட இரண்டு இடைவேளை சட்டப்படி உண்டு: பிள்ளைக் காப்பகம் உள்ள இடத்தில் ஒவ்வொன்றும் 30 நிமிடம், இல்லாவிட்டால் 1 மணி நேரம். விடுமுறை முடிய ஒரு மாதம் இருக்கும்போதே இதை எழுத்தில் கேளுங்கள். பால் எடுக்கப் பூட்டக்கூடிய ஓர் அறையையும் சேர்த்துக் கேளுங்கள், கழிவறை அதற்கு இடமல்ல.

வீட்டில் இரண்டு வாரம் முன்னதாகவே கையால் எடுத்துப் பழகுங்கள். காலையில் கூட வரும். அறை வெப்பத்தில் 4 மணி நேரம் என்பது 25 பாகைக்குச் சொன்ன கணக்கு. கொழும்பில் மின்விசிறிக்குக் கீழேயும் அதைவிடச் சூடு, ஆகவே எடுத்த உடனே குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். மூடியில் நாளும் நேரமும் எழுதுங்கள். கொடுக்கும்போது அடுப்பில் காய்ச்சாமல், சுடுதண்ணிப் பாத்திரத்துக்குள் வைத்து இளஞ்சூடாக்கினால் போதும். பிள்ளையைப் பார்க்கப்போகும் அம்மம்மாவுக்குக் கோப்பையால் கொடுக்கவும் இப்போதே பழக்க வேண்டும், முதல் நாள் பாதி சிந்தும்.

முடிந்தால் வேலைக்குத் திரும்பும் நாளை வியாழக்கிழமையாக வையுங்கள். பையில் மூடியுள்ள இரண்டு போத்தல், ஐஸ் பை, மாற்றுச் சட்டை. இரண்டு நாள் போய் வந்தால் சனி, ஞாயிறு வந்துவிடும், பிள்ளை அந்த இரண்டு நாளும் மார்பை விடாது.